கலியாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம்: வெள்ளவத்தையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சட்டத்தரணி, நொத்தாரிசும் கூட. காலையில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றம், பின்னேரம் வெள்ளவத்தையில் காணி உறுதி எழுதும் வேலை. கலியாணம் பேசி முடித்த குடும்பங்கள் பின்னேரத்தில்தான் வருவார்கள். மாப்பிள்ளை ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில் இருப்பார். பெண்ணின் பெயருக்கு எழுத ஒரு காணியோ பிளாட்டோ இங்கே இருக்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன். உங்கள் குடும்பத்துக்கான முடிவை உங்கள் சட்டத்தரணியோடு இருந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

கலியாணத்துக்கு முன்னமே பிரிவைப் பற்றி எழுதுவதா? அபசகுனம் இல்லையா?

போன வருடம் ஒரு அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றி வைத்த உறுதிகள். மடிப்பு விழுந்த இடங்களில் கடதாசி கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. மேலே இருந்தது அவருடைய சொந்தச் சீதன உறுதி. வடக்கில் இன்னாருடைய வளவு, கிழக்கில் ஒழுங்கை, பங்குக் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை, அங்கே நிற்கும் பனைகள் என்று எல்லாம் அதில் ஒழுங்காக எழுதியிருந்தது. அதை மேசையில் விரித்து வைத்துவிட்டுத்தான் அவர் கேட்டார்: “மிஸ், மாப்பிள்ளை ஏதோ ஒப்பந்தம் எழுதக் கேட்கிறார். எங்கட ஆக்களிட்ட இப்பிடி ஒரு பழக்கம் இல்லையே?”

நான் அந்த உறுதியைக் காட்டி, “அம்மா, இது என்ன?” என்று கேட்டேன்.

நம் ஆட்கள் கலியாணத்தோடு சொத்தை எழுதாத காலம் இருந்ததில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தபோது, எது முதுசொம் (பரம்பரையாக வந்தது), எது சீதனம், எது தேடிய தேட்டம் (கலியாண காலத்தில் தேடியது) என்பதுதான் அந்தத் தொகுப்பில் பெரும்பங்காக இருந்தது. கலியாணத்தில் யாருடைய சொத்து யாருடையதாக இருக்கும் என்று பேசுவது நமக்குப் பழகிய பேச்சு. பிரிந்தால் என்ன ஆகும் என்பதை வாய்விட்டுச் சொல்வது மட்டும்தான் புதிது.

ஒன்றுமே எழுதாவிட்டால் என்ன?

அப்போதும் உங்களுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கும். அதை அரசு எழுதியிருக்கும். நீங்கள் எந்தச் சட்டத்துக்குக் கீழே வருகிறீர்கள், கலியாணத்துக்குப் பிறகு எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் வரிகள் மாறும். விமானம் ஏறி வேறு நாட்டில் இறங்கினால் அந்த ஒப்பந்தமும் மாறக்கூடும். யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, இலங்கையில் எனக்கு என்ன சட்டம்?

ஒரே தீவில் பல சட்டங்கள் இருக்கின்றன. கொழும்பில் ஒரே மாடிக் கட்டடத்தின் நாலு வீடுகளில் நாலு விதமான திருமணச் சொத்துச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பொதுச் சட்டத்துக்கு அடிப்படை, ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். அதன் பழைய வழியில் கலியாணம் ஆனதும் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தக் கூட்டுச் சொத்து முறையை எடுத்துவிட்டது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க, மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு மனைவி தன் சொத்தைக் கணவனிடம் கேட்காமல் வாங்கலாம், விற்கலாம், ஈடு வைக்கலாம். உன்னுடையது உனக்கு, என்னுடையது எனக்கு என்பதுதான் அதன் அடிப்படை. மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி உயிரோடு இருக்கும் துணைக்குப் போகும். மலையகத் தமிழர், கிழக்கு மாகாணத் தமிழர், தலைமுறைகளாகக் கொழும்பையே வீடாகக் கொண்ட தமிழர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள்.

வடமாகாணத்துத் தமிழருக்குத் தேசவழமை, அதாவது ஐசாக்ஸ் தொகுத்த அந்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். கண்டிச் சிங்களவர்களுக்குக் கண்டிச் சட்டம்.

நான் பிறந்தது, படித்தது எல்லாம் பம்பலப்பிட்டியில். தேசவழமை எனக்குமா?

இருக்கலாம். தேசவழமை காணியோடு ஒட்டிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். முன்கொள்வனவு, அதாவது காணி விற்கப்படும்போது மற்றவருக்கு முந்தி வாங்கும் உரிமை, என்ற விடயத்தில் அது வடமாகாணக் காணிகளைப் பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் கணவன் மனைவி சொத்து என்று வரும்போது அது ஆளோடு கூடவே போகிற சட்டம். வடமாகாண வாசி என்ற தகைமை உங்களுக்கு இருந்தால், கொழும்பில் வாங்கிய பிளாட்டுக்கும் அது பொருந்தும். அந்தத் தகைமை இருக்கிறதா என்பதை நீதிமன்றம் ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் பார்த்துத்தான் தீர்மானிக்கும். நிலையான வீடு எங்கே, திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா, குடும்பத்தின் வேர் எங்கே என்றெல்லாம் கேட்பார்கள். வேலைக்காகக் கொழும்பில் இருப்பதால் மட்டும் அது அறுந்துபோகாது. மூன்று தலைமுறையாக வடக்கோடு தொடர்பே இல்லையென்றால் விடை வேறாக இருக்கலாம்.

கலியாணமும் இதை மாற்றும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாத ஆணைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. உட்படாத பெண் உட்பட்ட ஆணைக் கட்டினால், அவள் அதற்குள் வந்துவிடுகிறாள். ஆணுக்கு மாற்றமே இல்லை. இது பெண்ணுக்கு அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைக்கும் இதுதான் சட்டம். ஆகவே மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டும்போது, தாலி ஏறும் நிமிடத்தில் அவளுடைய சொத்துச் சட்டமும் மாறுகிறது. இதைத் தெரிந்துகொண்டு மணவறையில் இருந்த பெண்ணை நான் இன்னும் காணவில்லை.

என் சீதன வீட்டை விற்க ஏன் இவருடைய கையெழுத்தைக் கேட்கிறார்கள்?

உங்களுக்குத் தேசவழமை பொருந்துவதால். உங்கள் சீதனமும் முதுசொமும் உங்களுடைய தனிச் சொத்து, அதில் கேள்வி இல்லை. ஆனால் அசையாச் சொத்தை விற்க, ஈடு வைக்க, நன்கொடையாகக் கொடுக்க கணவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவருடைய சொத்தை அவர் விற்பதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அவர் உங்களைக் கைவிட்டுப் போய்விட்டால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்கு மாதங்கள் போகும். வாங்குபவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

மருத்துவச் செலவுக்குத் தன் சொந்த வீட்டை ஈடு வைக்க வந்த ஒருவருடைய உறுதிகளை, கணவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாத நிலையில், நான் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாளை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தேடிய தேட்டம் என்றால் சரியாக எது?

கலியாண காலத்தில் கணவனோ மனைவியோ விலை கொடுத்து வாங்கியதும், அவரவர் தனிச் சொத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த வருமானமும். 1947இல் வந்த திருத்தத்தில் முக்கியமான ஒரு விலக்கு இருக்கிறது. வாங்கிய பணம் தனிச் சொத்திலிருந்து வந்ததென்றால் வாங்கிய பொருளும் தனிச் சொத்துதான். அதாவது, சீதனக் காணியை விற்ற காசில் தெஹிவளையில் பிளாட் வாங்கினால் அது தேட்டம் ஆகாது.

ஆனால் 20 வருடம் கழித்து அதை எப்படி நிரூபிப்பீர்கள்? ஆகவே புதிய உறுதியிலேயே ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள்: இன்ன இலக்க உறுதியால் கிடைத்த சீதனக் காணியை விற்ற பணத்தில் இது வாங்கப்படுகிறது என்று. நொத்தாரிசு எழுதித் தருவார். மேலதிகச் செலவு ஒன்றும் இல்லை.

இருவரும் உழைத்து வாங்கும் வீட்டை இருவர் பெயரிலும் எழுதுங்கள். பிறகு வரும் வழக்குகளில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

இலங்கையில் திருமண முன் ஒப்பந்தம் செல்லுமா?

அதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. ரோமன் டச்சுச் சட்ட மரபில் திருமண முன் ஒப்பந்தம் பழைய விடயம். நம் சட்டங்களும் திருமண ஏற்பாடு என்ற ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே யாருடைய சொத்து எது, எது யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று எழுதிய ஒப்பந்தத்துக்கு நல்ல பெறுமதி உண்டு. பிரிந்தால் ஒரு சதமும் தரமாட்டேன் என்ற மாதிரி எழுதினால் அதை நம்பியிருக்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பின்போது ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ சொத்தை எழுதிக் கொடுக்கவோ, மொத்தத் தொகையோ மாதப் பணமோ கட்டவோ கட்டளையிடும் அதிகாரத்தைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி பற்றிய எழுத்து, பிறகு தருவதாகச் சொல்லும் வாக்குறுதி உட்பட, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு நிறைவேற வேண்டும். “கலியாணம் முடிஞ்சதும் கொட்டாஞ்சேனை வீட்டை எழுதித் தருவோம்” என்று வெள்ளைத் தாளில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒப்பமிட்டால், அதை வைத்து வீட்டைக் கேட்க முடியாது. நிச்சயதார்த்தத்தில் எழுதிய அப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ பேர் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

முஸ்லிம் திருமணத்தில்?

நிக்காஹ் அடிப்படையிலேயே ஒரு ஒப்பந்தம். மஹர் அதன் பகுதி, மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது. கைக்கூலி அதற்கு எதிர்ப்பக்கமாக, பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது. இலங்கைச் சட்டத்தில் மனைவி கைக்கூலியைக் காதி நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்கலாம். ஆகவே கொடுத்த தொகையைத் திருமணப் பதிவில் உள்ளபடி எழுதுங்கள். வெளியில் ஒரு தொகை, பதிவில் ஒரு தொகை என்று வைத்தால், பிறகு நஷ்டப்படப் போவது உங்கள் மகள்தான்.

சீதனத்தை எழுத்தில் போட்டால் பொலிஸ் பிரச்சினை வராதா?

இந்தக் கேள்வி சீரியல்களிலிருந்து வருகிறது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கே கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். இலங்கையில் அப்படி ஒரு தடைச் சட்டம் இல்லை. சீதனம் கேட்டு வாங்குவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ தகப்பன்மார் கடன்பட்டு நொந்துபோனதை இந்த மேசையில் இருந்தே பார்க்கிறேன். கொடுப்பதென்று முடிவாகிவிட்டால், இங்கே எழுதாமல் கொடுப்பதுதான் ஆபத்து. காணியை மகள் பெயருக்கு எழுதுங்கள். ‘டொனேசன்’ என்று மாப்பிள்ளையின் பெற்றோர் கையில் கொடுக்கும் காசுக்கு ரசீது இருக்காது, அது மகளுக்குத் திரும்பி வந்து நான் கண்டதும் இல்லை.

மாப்பிள்ளை ஸ்காபரோவில். கனடாச் சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் இது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நம் ஆட்கள் அதிகம் இருப்பது ஒன்ராறியோவில் என்பதால் அதைச் சொல்கிறேன்.

அங்கே பிரிவின்போது இருவருடைய நிகரச் சொத்தும் கலியாண நாளிலிருந்து பிரிந்த நாள்வரை எவ்வளவு வளர்ந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாகச் சொத்து வளர்ந்தவர், வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு கிடைத்த நன்கொடையும் மரபுரிமையும் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீடு தனி. கலியாண நாளில் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த வீட்டிலேயே பிரிந்த நாளிலும் குடியிருந்தால், வளர்ச்சி மட்டும் அல்ல, வீட்டின் முழுப் பெறுமதியும் கணக்குக்குள் வந்துவிடும். வெள்ளவத்தைப் பெற்றோரை இது எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். இங்கே காணியை விற்று, “பிள்ளையின் மோர்ட்கேஜைக் கட்டிவிடுவோம்” என்று காசை அனுப்புகிறார்கள். மகளுக்குக் கொடுத்த நன்கொடைதானே, தனியாகத்தானே இருக்கும் என்று நினைக்கிறார்கள். குடும்ப வீட்டுக்குள் போன நன்கொடை அந்த விலக்கை இழந்துவிடும். அதே காசு மகளுடைய தனிக் கணக்கில் இருந்திருந்தால் கதை வேறு.

இதை ஒப்பந்தம் மூலம் மாற்றலாம். ஒன்ராறியோவில் அதற்குப் பெயர் திருமண ஒப்பந்தம். எழுத்தில், இருவரும் கையெழுத்திட்டு, சாட்சியோடு இருக்க வேண்டும். வீட்டின் பெறுமதியை எப்படிப் பிரிப்பது என்று எழுதலாம். ஆனால் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கலியாணத்துக்கு முன் விட்டுக்கொடுக்க முடியாது. முக்கியமான சொத்தையோ கடனையோ ஒருவர் மறைத்திருந்தால், அல்லது எதில் ஒப்பமிடுகிறோம் என்று மற்றவருக்கு விளங்கியிருக்காவிட்டால், நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடலாம். விளங்குவது என்று சொல்லும்போது மொழியும் அதற்குள் வருகிறது. ஆங்கிலத்தில் 18 பக்கம் அனுப்பி, “சும்மா ஃபோர்மாலிட்டி, சைன் பண்ணுங்கோ” என்று வாட்ஸப்பில் சொன்னால், தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு ஒன்ராறியோ சட்டத்தரணியைப் பெண்ணுக்காகத் தனியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் சட்டத்தரணி உங்கள் சட்டத்தரணி ஆகமாட்டார்.

லண்டனில்?

இங்கிலாந்தில் ஒப்பந்தம் தானாகக் கட்டுப்படுத்தாது. விவாகரத்து வழக்குகளுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியின் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் 2010இல் ராட்மாக்கர் எதிர் கிரனாட்டினோ வழக்கு நிலைமையை மாற்றியது. செல்வந்த ஜேர்மன் குடும்பத்துப் பெண், பிரெஞ்சுக்காரரான வங்கியாளர். 1998இல் ஜேர்மனியில் ஒப்பந்தம் எழுதி லண்டனில் கலியாணம் செய்தார்கள். பிரிந்தபோது ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார் கணவர். சுயவிருப்பத்தோடு, விளைவை முழுதாக விளங்கி எழுதிய ஒப்பந்தத்துக்கு, அப்போதைய சூழலில் அநீதியாக இருந்தாலன்றி, நீதிமன்றம் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தப் பக்கம். மாறுபட்டவர் ஹேல் சீமாட்டி, அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுக்க நேர்வது பெரும்பாலும் பெண்தான் என்பதை அவர் எழுதி வைத்தார். நான் அவர் பக்கம். ஆனால் நம் குடும்பங்களில் பெண் வீட்டார் கொடுத்த சொத்தைக் காப்பாற்றவும் இதே கருவியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவுஸ்திரேலியாவில்?

அங்கே 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, குடும்பச் சட்டத்தின் கீழ், கட்டுப்படுத்தும் நிதி ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இருவருக்கும் தனித்தனிச் சட்ட ஆலோசனை கட்டாயம், அதற்குச் சான்றிதழும் வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நீதிமன்றத்தின் பங்கீட்டு அதிகாரத்தையே விலக்கிவிடும் அளவுக்குப் பலமானது.

2017இல் உயர் நீதிமன்றம் தீர்த்த தோர்ன் எதிர் கென்னடி வழக்கை வெளிநாட்டுக்கு மகளை அனுப்பும் எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டும் மாற்றுப் பெயர்கள். வெளிநாட்டுப் பெண், வயது 36, கையில் சொத்து இல்லை. மாப்பிள்ளை 67 வயதுச் செல்வந்தர். இணையத்தில் அறிமுகம். அவள் அவுஸ்திரேலியா வந்தாள். பெற்றோரும் சகோதரியும் கலியாணத்துக்கு வந்திறங்கினார்கள். உடுப்புத் தைத்தாயிற்று, விருந்தினருக்குச் சொல்லியாயிற்று. அப்போதுதான் ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திடாவிட்டால் கலியாணம் இல்லை என்றார். அவளுடைய சட்டத்தரணி ஒப்பமிட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் ஒப்பமிட்டாள். தனிச் சட்ட ஆலோசனை இருந்தும் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஒதுக்கியது. மறுத்தால் அவளுக்குப் போக இடமே இல்லை என்பதை நீதிபதிகள் பார்த்தார்கள்.

பொன்னுருக்கல் முடிந்து, மண்டபத்துக்குக் காசு கட்டி, ஊரிலிருந்து பஸ்ஸில் சொந்தங்கள் வந்து இறங்கிய பிறகு ஒரு பெண் எதற்கு “இல்லை” என்று சொல்வாள்? அந்தத் தீர்ப்பை வாசித்தபோது நான் நினைத்தது இதைத்தான்.

பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே?

ஐரோப்பியக் கண்டத்தில் இந்த ஒப்பந்தம் வெகு சாதாரணம். பிரான்ஸில் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் போய் எழுதுவார்கள். எழுதாவிட்டால் கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது கூட்டுச் சொத்து, முன்னர் இருந்ததும் மரபுரிமையாக வந்ததும் தனி. நம் தேடிய தேட்டத்தையும் முதுசொத்தையும் கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாக இருக்காது. ஜேர்மனியில் சொத்து தனித்தனியாகவே இருந்து, பிரியும்போது வளர்ச்சி சமப்படுத்தப்படும். மாற்ற விரும்பினால் இருவரும் ஒரே நேரத்தில் நொத்தாரிசு முன் இருக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண் ஒருவர் ஒப்பமிட்ட ஒருபக்கமான ஒப்பந்தத்தை அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2001இல் ஏற்க மறுத்தது. சுவிஸிலும் நொத்தாரிசு உறுதி வேண்டும். நோர்வேயில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால் போதும், ஆனால் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் பதிவு செய்ய வேண்டும்.

பாரிஸ் மாப்பிள்ளை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது: 2019 ஜனவரி 29க்குப் பிறகு நடந்த கலியாணங்களுக்கு, பிரான்ஸ், ஜேர்மனி உட்பட 18 ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், வேறு சட்டத்தைத் தெரிவு செய்யாவிட்டால், கலியாணத்துக்குப் பின் முதலில் சேர்ந்து குடியிருந்த நாட்டின் சட்டம்தான் பொதுவாகப் பொருந்தும். கலியாணம் கொழும்பில் நடந்தாலும், முதல் குடித்தனம் பாரிஸ் என்றால் பிரெஞ்சுச் சட்டம். சுவிஸும் நோர்வேயும் இந்த ஒழுங்குக்குள் இல்லை.

சென்னையில் குடியேறப் போகிறோம்.

இந்தியாவில் இந்துத் திருமணத்துக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நம்ப முடியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பொதுக் கொள்கைக்கு முரணானது என்று விழுந்துவிடலாம். 1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், மாப்பிள்ளை எப்போதும் மாமியார் வீட்டிலேயே இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம். கோவா ஒரு விலக்கு. போர்த்துக்கேயரின் 1867ஆம் ஆண்டுக் குடியியல் கோவை அங்கே இன்னும் உயிரோடு இருப்பதால், கலியாணத்துக்கு முன் பொது உறுதியாக எழுதிய ஒப்பந்தம் செல்லும். எழுதாவிட்டால் எல்லாம் இருவருக்கும் பொது.

சீதனப் பொருளைப் பொறுத்தவரை இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில், ஸ்திரீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம், கணவன் அதை வைத்திருந்தாலும் காவலுக்கு வைத்திருப்பவன் மாதிரிதான் என்றது.

நம் சட்டத்தின் உறவான தென்னாபிரிக்காவில்?

அதே ரோமன் டச்சு வேர். ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அங்கே இன்றும் கூட்டுச் சொத்துதான். வேண்டாமென்றால் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் எழுதி, மூன்று மாதத்துக்குள் உறுதிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால், விலக்கி எழுதாவிட்டால், கலியாண கால வளர்ச்சியைச் சமமாகப் பகிரும் முறையும் கூடவே வரும். இங்கே ஒரு நூற்றாண்டாகத் தொடப்படாமல் கிடக்கும் இடத்தில் அவர்கள் அழகாக வேலை செய்திருக்கிறார்கள். இலங்கைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை.

கொழும்பில் எழுதிய ஒப்பந்தம் அங்கே செல்லுமா?

பொதுவாக, எங்கே பிரிகிறீர்களோ அந்த நாட்டு நீதிமன்றம் தன் அளவுகோலால்தான் அதை அளக்கும். லண்டன் நீதிமன்றம் இங்கிலாந்துச் சட்டத்தையே பார்க்கும். ஒன்ராறியோ கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தைப் பார்க்கும். இலங்கையிலுள்ள காணியின் உறுதி எப்படி நிறைவேற வேண்டும் என்பதை மட்டும் இலங்கைச் சட்டமே தீர்மானிக்கும், நீங்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி. ஆகவே இங்குள்ள காணிக்கு இங்கே உறுதி, அங்கே வாழப்போகும் வாழ்க்கைக்கு அங்கத்தைய சட்டத்தரணி எழுதிய ஒப்பந்தம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கிறதா என்று இரு பக்கச் சட்டத்தரணிகளும் பேசிக்கொள்ளட்டும்.

எப்போது எழுத வேண்டும்?

நாள் குறித்ததும். கலிபோர்னியாவில் இறுதி ஒப்பந்தம் கைக்கு வந்து ஏழு நாளாவது ஆன பிறகே ஒப்பமிட வேண்டும். இங்கிலாந்துச் சட்ட ஆணைக்குழு 2014இல் பரிந்துரைத்தது கலியாணத்துக்கு 28 நாள் முந்தி. நான் கேட்பது மூன்று மாதம். கூறை எடுக்கப் போகும் முன்னமே இதை முடித்துவிடுங்கள்.

எதை எழுதக்கூடாது?

பிள்ளைகள் யாரோடு இருப்பார்கள், பிள்ளைக்குத் தாபரிப்புக் கிடையாது என்பவற்றை. எந்த நாட்டு நீதிமன்றமும் பிள்ளையின் நலனைப் பெற்றோரின் கையெழுத்துக்கு விட்டுவிடாது. வேலைக்குப் போகக்கூடாது, தாய்வீட்டுக்குப் போகக்கூடாது என்ற மாதிரி நிபந்தனைகளோடும் வருகிறார்கள். அவற்றை நான் எழுதிக் கொடுப்பதில்லை.

நகைகள்?

ஒரு பட்டியல். பொருள், பவுண், யார் கொடுத்தது, படம். கடை ரசீதையும் சேர்த்து வையுங்கள். மாமியார் போட்ட நகை பரிசா, திருமண நாளுக்கு இரவலா என்பதை அன்றே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லொக்கர் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இந்தக் கதையை மாப்பிள்ளையிடம் எப்படித் தொடங்குவது?

பெரியவர்கள் மூலமாக வேண்டாம். மகளே நேரில் பேசட்டும். என்னிடம் வந்த ஒரு பிள்ளை இப்படித் தொடங்கியதாகச் சொன்னாள்: “அப்பா இந்த வீட்டை 17 வருஷம் லோன் கட்டி எடுத்தவர். இது எனக்குப் பிறகு என்ர பிள்ளைகளுக்குப் போகவேணும் எண்டு அவருக்கு ஆசை. உங்களுக்கும் அப்பிடி ஏதும் இருக்கோ?” அவனுக்கும் இருந்தது. தன் தம்பியின் படிப்புக்காக எடுத்த கடன் ஒன்றை அதுவரை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு பேச்சில் ஒப்பந்தத்தின் முக்கால்வாசி எழுதியாயிற்று.

கலியாண எழுத்து (பதிவு) முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். கலியாணத்துக்குப் பிந்திய ஒப்பந்தத்தை ஒன்ராறியோ, அவுஸ்திரேலியா, ஜேர்மனி, பிரான்ஸ் எல்லாம் ஏற்கின்றன. முன்னர் பிரான்ஸில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், அதை 2019இல் எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் முன் ஒப்பந்தத்தைப் போலவே நோக்குவார்கள். தென்னாபிரிக்காவில் நீதிமன்ற அனுமதி வேண்டும். கோவாவில் கதவு மூடியாயிற்று.

இலங்கையில் இருப்பவர்கள் முதலில் மரண சாசனத்தை எழுதுங்கள். கலியாணத்துக்கு முன் எழுதியது ஏதும் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், புதிதாக எழுத வேண்டும். உறுதிகளின் பிரதியையும் கொண்டு வாருங்கள், டின்னோடு வந்தாலும் பரவாயில்லை.